கடைசி எழுத்தாகப் படுத்தவர்

எழுபதுகளின் நடுவில் வில்லியனூரில் 'இசைவழி ஆங்கில ஒலிச் சபை' என்று ஒன்று நடந்துவந்தது. ரயிலடிக்குப் போகும் வழியில், ஒரு மாடி வீட்டில், மூன்று அறைகள், ஒரு கடிகாரம், ஒரு சுருதிப்பெட்டி. ஆங்கிலத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஐந்து உயிரெழுத்துகள் இருக்கின்றன அல்லவா? அவை ஓரிடத்தில் ஒரு மாதிரி ஒலிக்கும், வேறிடத்தில் வேறு மாதிரி ஒலிக்கும், சில இடங்களில் வாயே திறக்காது. இதைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்ற வாத்தியார்கள் அதுவரை பிரம்பை நம்பியிருந்தார்கள். பிரம்பு உதவாது, பாட்டுதான் வழி என்று சபை கண்டுபிடித்தது. கண்டுபிடித்த களைப்பில் இரண்டு வருஷம் சும்மா இருந்தது. மூன்றாம் வருஷம், செலவழிக்காத அரசுப் பணம் திரும்பிப் போய்விடும் என்று தெரிந்ததும் அதற்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

சபையின் மேற்பார்வையாளர் பெயர் ஏகநாதன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரியில் படித்தவர். அதனால் கிராமத்து வாத்தியார்களை 'முசியே' என்று கூப்பிட்டு மரியாதை செய்துவிட்டு, உட்காரச் சொல்ல மறந்துவிடுவார். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் ஆரம்பப் பள்ளி வாத்தியார்களை எல்லாம் கூட்டிவைத்து முதல் நாள் அவர் பேசினார்.

"பாட்டை நாங்கள் அச்சடித்துத் தந்துவிட்டோம். மெட்டு தரமாட்டோம். மெட்டை மேலிருந்து திணிப்பது வெள்ளைக்காரன் புத்தி. அந்தந்த ஊர் மெட்டை அந்தந்த ஊர்தான் மனமுவந்து தர வேண்டும். மனமுவந்து தராத ஊரின் வாத்தியார் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்."

சுத்துக்கேணிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஓராசிரியர் பள்ளி நடத்திய வேணு, பின்வரிசையில் எழுந்து நின்றார். "ஐயா, எனக்குப் பாடவே வராது."

"எனக்கும்தான் வராது. அதனால்தான் நான் மேற்பார்வையாளர்" என்றார் ஏகநாதன். பிறகு கரும்பலகையில் 'கேக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் நின்ற ஈயைச் சுண்ணக்கட்டியால் தட்டினார். "சபையின் உயிர்நாடியான விதி இதுதான். சொல்லின் கடைசியில் வரும் ஈ பேசாது. ஆனால் அது பேசாமல் கிடப்பதால்தான் முன்னால் நிற்கும் உயிரெழுத்து தன் பெயரை உரக்கச் சொல்கிறது. நானும் அப்படித்தான். கடைசியில் உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் செய்யமாட்டேன். நான் இருக்கிறேன் என்ற பயத்தில் நீங்கள் சத்தம் போடுவீர்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். வேணுவும் தட்டினார். அவர் ஒன்பது வருஷமாகத் தற்காலிக வாத்தியார். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் இனிமேல் சபையின் சிபாரிசு வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். சிபாரிசு என்றால் ஏகநாதன்.

வேணுவின் அப்பா மணவாளன், கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்துப் பயிர் செய்தவர். அவருக்கு மகன் நிரந்தரமாவதில் ஆசை உண்டு என்றாலும், தனக்கென்று வேறொரு ஆசை வைத்திருந்தார். ஊரில் எந்தச் சாவையும் அவர் விட்டதில்லை. ஒப்பாரிச் சத்தம் காதில் விழுந்தால் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பேசாதவன் வீடு, வரப்புத் தகராறு செய்தவன் வீடு என்ற கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. பாடை கட்டுவதிலிருந்து பிள்ளைகள் பாடைக்குக் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்வதுவரை நின்று செய்வார்.

"எனக்குப் பூப்பல்லக்கு வாணாம்டா, வேட்டு வாணாம்" என்று மகனிடம் அடிக்கடி சொல்வார். "ஊரு வரணும். கழனில நிக்கறவன்கூட கரையேறி வரணும். நான் எல்லாருக்கும் போயிருக்கேன். அந்த ஒண்ணுதான் எனக்கு."

"வருவாங்க நைனா" என்பார் வேணு. அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மெட்டுதான் கிடைக்கவில்லை. வேணு தானாக ஒன்று போட்டுப் பார்த்தார். பிள்ளைகள் மரியாதை காரணமாகச் சிரிக்கவில்லை. தாலாட்டு மெட்டில் முயன்றார், முதல் வகுப்பு தூங்கிவிட்டது. இப்படி மெட்டே இல்லாமல் இருக்கும்போதுதான் ஏகநாதன் சோதனைக்கு வரும் நாளும் வந்தது. அன்று விடிகாலையில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் பலராமன் என்ற பெரிய விவசாயி செத்துப்போனார்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும்வரை பாட்டு கூடாது. ரேடியோ வைக்கமாட்டார்கள். கோயிலில் விளக்கு ஏற்றமாட்டார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய ஏகநாதனிடம் வேணு இதைச் சொன்னார்.

ஏகநாதன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "விடுமுறைப் பட்டியலில் பொங்கல் இருக்கிறது, தீபாவளி இருக்கிறது, மாதா கோயில் திருவிழா இருக்கிறது. பலராமன் இல்லையே முசியே."

"ஊர்ல அடிப்பாங்க ஐயா."

"அடிக்கட்டும். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது."

வேணு வாசலில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் சாவு வீட்டைப் பார்த்தார். அங்கே பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த மணவாளன் மகன் முகத்தைக் கண்டு எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"இன்னாடா இதுக்குப் போயி... ஒப்பாரி பாடுனா யாரு கேக்கப்போறாங்க? சாவுத் தெருவுல அதுக்குத் தட இல்லியே. சின்னபொண்ண அனுப்பறேன் இரு."

சின்னபொண்ணு அந்த வட்டாரத்தில் ஒப்பாரிக்கு முன்பாட்டுக்காரி. விடிகாலையிலிருந்து பாடித் தொண்டை கட்டியிருந்தாள். வேணு விதியைச் சொன்னார். அவள் கொஞ்சம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கடசி எழுத்து வாயத் தொறக்காம கெடக்குது. முன்ன இருக்கறது அத்த நெனச்சி சத்தம் போடுது. அவ்ளோதான சாமி? இது நமக்குத் தெரிஞ்ச கததான்."

பெஞ்சில் உட்கார்ந்து மாரில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கடசியில நிக்கும் ஈயே, நீ
கண்ணசந்து போனாயே!
வாயத் தொறந்து ஒரு வார்த்த
வழங்காம போனாயே!
முன்ன நிக்கும் ஏ ஒருத்தி
முந்தி விரிச்சி அழுவுறாளே!
கேக்கு கேக்குன்னு தம் பேர
கேக்கும்படி கூவுறாளே!"

காலையிலிருந்து அதே மெட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டாவது முறையே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை மூக்கைச் சிந்தினார்கள். ஏகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முசியே வேணு, இருபது வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த விதி இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது" என்றார்.

புரிந்ததோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் புரிந்துகொண்ட அதிகாரி சும்மா இருப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் எல்லாக் கொம்யூன்களுக்கும் சுற்றறிக்கை போனது. ஊருக்கு ஊர் மெட்டு என்பது ரத்து. இனி எல்லா ஊருக்கும் ஒரே மெட்டு, ஒப்பாரி மெட்டு. சாவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட வேண்டியது.

பாகூரில் பிள்ளைகள் விளக்கு வைக்கிற நேரத்தில் நடு வீட்டில் உட்கார்ந்து ஈக்காக அழுது, தாய்மாரிடம் முதுகில் வாங்கினார்கள். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் திண்பண்டத்தைக் கையில் வைத்தபடியே எழுந்து போனார்கள். அபசகுனம் என்று பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனுவுக்குச் சபை ஒரே வரியில் பதில் எழுதியது: அபசகுனம் என்பது ஆங்கில ஒலி எதனாலும் குறிக்கப்படாததால் அது சபையின் வரம்புக்குள் வராது.

அடுத்த சுற்றறிக்கை தாள வாத்தியம் பற்றியது. நீட்டி ஒலிக்கும் எழுத்துக்குச் சங்கு ஊத வேண்டும். குறுக்கி ஒலிக்கும் எழுத்துக்குச் சேகண்டி தட்ட வேண்டும். வேணுவின் ஊரில் சாவுக்குச் சங்கும் சேகண்டியும் வைத்திருந்தவர் பக்கிரி ஒருவர்தான். சபை அவரைத் தினக்கூலிக்கு எடுத்து 'ஒலி உதவியாளர்' என்று பெயர் கொடுத்தது. சின்னபொண்ணு 'மெட்டு உதவியாளர்' ஆனாள். இரண்டு பேருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை. சின்னபொண்ணு அதை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

வேணுவின் பள்ளி மாதிரிப் பள்ளியாகிவிட்டது. மாதிரி என்றால் வாரம் ஒருமுறை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சங்கும் சேகண்டியும் ஒப்பாரியும் பள்ளியிலிருந்து தினமும் வந்ததால், முதல் சில நாட்கள் துண்டோடு ஓடிவந்த ஊர்க்காரர்கள் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மணவாளன் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்தார்.

"தெரியும்டா, பாடம்தான்னு தெரியும். ஒருவேள நெசமா இருந்துட்டா?" என்பார். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

ஐப்பசியில் பெரிய சோதனை வைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து சபைத் தலைவர் வருகிறார் என்றார் ஏகநாதன். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பொதுமக்கள் பங்கெடுக்க வேண்டும், அதுவும் இயல்பாக. முன்கூட்டிச் சொல்லக் கூடாது. இரண்டாவது, விதியைக் கண்ணால் காணும்படி செய்ய வேண்டும். அதாவது கடைசி ஈயாக ஓர் ஆள் வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வேண்டும்.

"எந்தப் புள்ளையையும் அப்படிப் படுக்கவைக்க முடியாது ஐயா. தாய்மாருங்க என்ன உயிரோட வுட மாட்டாங்க."

"பிள்ளை என்று சுற்றறிக்கையில் இல்லையே. ஆள் என்றுதான் இருக்கிறது. முசியே, உங்கள் நிரந்தர உத்தரவில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி மட்டும்தான் பாக்கி."

வேணு அன்று வீட்டில் சாப்பிடவில்லை. மருமகள் கமலவேணி வந்து மாமனாரிடம் சொன்னாள். மணவாளன் நேராக மகனிடம் வந்தார்.

"நான் படுக்கறேன். என்னைக்கோ படுக்கறதுதான?"

"வாணாம் நைனா. நல்லா இருக்காது."

"உனுக்கு வேல நிக்கட்டும்டா. எனக்கும் ஒரு தடவ பாக்கணும். யாரு வர்றா, யாரு வர்லன்னு செத்தவன் பாக்க முடியாதில்ல?"

அப்படியாக மணவாளன் பள்ளிக்கூட வாசலில் பெஞ்சுப் பலகைமேல் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். சபைத் தலைவர் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை பாட்டு பள்ளிக்குள் இல்லை, வாசலில் இருந்தது. செத்தது மணவாளன் என்று பக்கிரி தெருத்தெருவாகச் சங்கு ஊதிச் சொல்லிவிட்டு வந்தார். சபை அவருக்கு எழுதிக்கொடுத்ததை அவர் சொன்னார்.

ஊர் வந்தது. கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். வரப்புத் தகராறுக்காரன் வந்தான். கழனியில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றுக் கட்டைப் போட்டுவிட்டு முழங்கால் சேற்றோடு கரையேறி ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் அமுதம். பிள்ளைப்பேற்றில் அவள் தங்கை செத்தபோது பாடை கட்டி, சுடுகாடுவரை நின்று எல்லாம் செய்தவர் மணவாளன்தான்.

"நெசமா வாத்தியாரே? பெரீப்பா போய்ட்டாரா?" என்று வேணுவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஏகநாதன் வேணுவைப் பார்த்தார். வேணு தலையை ஆட்டினார்.

அமுதம் அந்தச் சேற்றோடு தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் அழுதார்கள். சபைத் தலைவர் இரண்டு தடவை கைதட்டிவிட்டு, ஆங்கிலத்தின்மேல் கிராமத்து மக்களுக்கு இவ்வளவு பற்று இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார். அரை மணிநேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் தேசிய கீதத்துக்காக எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மணவாளன் சட்டம் தெரிந்தவர், அவரும் எழுந்து நின்றார்.

அமுதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேணுவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "நாத்து காயுது" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குத் திரும்பிப் போனாள். வெளியே போகும்போது யாரோ, "சபைன்னா இன்னா, சாவ வச்சா வெளையாடுவானுங்க? இனி இந்தத் தெருவுல எது ஊதுனாலும் நான் வரமாட்டேன்" என்றார்கள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

மணவாளன் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டை அவிழ்த்த கால்விரலைத் தேய்த்துக்கொண்டே, "எல்லாம் வந்துட்டாங்கடா! கரையேறி வந்தாங்கடா!" என்று கமலவேணியிடமும் சொன்னார், மாட்டிடமும் சொன்னார். பத்து நாள் கழித்துத்தான் அவருக்கு வேறொன்று உறைத்தது. தெருவில் போனால் யாரும் அவரோடு நின்று பேசவில்லை. அதன் பிறகு அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கும் ஓடவில்லை.

மாசியில், மறு நடவு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கமலவேணி கஞ்சி கொண்டுபோய் எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

கமலவேணி குரலெடுத்து அழுதாள். பள்ளி வாசலில் வாத்தியார் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மாதக்கணக்கான பழக்கம், யாரும் சொல்லாமலே 'கடசியில நிக்கும் ஈயே' என்று எடுத்துக்கொண்டார்கள். தெருவில் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கிரியும் சின்னபொண்ணும் பாகூரில் சபையின் பயிற்சி முகாமில் இருந்தார்கள். சங்கு இல்லை. சங்கு இருந்திருந்தாலும் ஒன்றுதான்.

வேணு ஒரு மணிநேரம் வாசலில் நின்று பார்த்தார். பக்கத்து வீட்டில் அம்மியரைக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் அவரே கழனிக்குப் போனார். வரப்பில் நின்று, "எங்க நைனா செத்துட்டாரு. வாங்க" என்றார்.

அமுதம் நிமிராமல் நாற்றைப் பிரித்து நட்டாள். "ஏன் வாத்தியாரே, சாவு வூட்டுக்காரனே வந்து சேதி சொல்ற வழக்கம் எங்கனா உண்டா? அப்பன் செத்தவன் வரப்புல நின்னு ஆள் கூப்புடுவானா? பாடம் நடத்தறதுன்னாலும் ஒழுங்கா நடத்து."

"நெசம்தான் அமுதம்."

"அன்னைக்கும் இப்படித்தான் தலைய ஆட்டுன."

அழுதிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. அவருக்கு அழுகை வரவில்லை. திரும்பி நடந்தார்.

மதியத்துக்கு முன் ஏகநாதனின் ஜீப்பும் சபையின் வண்டியும் வந்தன. பாகூர் முகாமில் பயிற்சி பெறும் வாத்தியார்களுக்கு மாதிரிப் பள்ளியைக் காட்டும் நாள் அது என்பதை வேணு மறந்துபோயிருந்தார். பள்ளி பூட்டியிருக்கவே ஏகநாதன் நேராக வீட்டுக்கு வந்தார். வாசலில் மணவாளன் கிடந்தார். கமலவேணி தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

"பயிற்சியாளர்களே, கவனியுங்கள்" என்றார் ஏகநாதன் தாழ்ந்த குரலில். "அந்த அம்மா நெடிலை எப்படி இழுக்கிறார் பாருங்கள். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. கடைசி எழுத்தையும் பாருங்கள். போன தடவை மூச்சு விடுவது தெரிந்தது என்று தலைவர் குறைபட்டுக்கொண்டார். இன்றைக்கு அந்தக் குறையும் இல்லை."

"ஐயா, இது பாடம் இல்ல" என்றார் வேணு.

"மெர்சி முசியே, நன்றி. பாடம் என்றே தெரியாதபடி நடத்துவதுதான் பாடம்."

வண்டியிலிருந்து இறங்கிய சின்னபொண்ணு கிட்டே போய் மணவாளன் காலைத் தொட்டாள். தொட்ட கையை இழுத்துக்கொண்டாள். "அய்யய்யோ, இது நெசம்டி!" என்று கமலவேணியைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். எத்தனையோ சாவுக்கு எத்தனையோ கட்டிப் பாடியவள்தான். ஆனால் அன்று அவள் வாயில் வந்தது கடைசியில் நிற்கும் ஈதான். பாதியில் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதுவே வந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

தூக்க ஆள் வேண்டுமே. ஏகநாதன் பெரிய மனசு வைத்தார். களப்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி நாலு வாத்தியார்களைத் தோள் கொடுக்கச் சொன்னார். ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியை ஏந்தி நின்ற வேணுவின் முன்னால் வந்து ஒரு உறையை எடுத்தார். "உங்கள் நிரந்தர உத்தரவு. இன்றைய தேதி போட்டுவிட்டேன்." வேணுவின் இரண்டு கையும் சட்டியில் இருந்ததால் உறையை அவரே வேணுவின் இடுப்பில் செருகிவிட்டார்.

சுடுகாட்டுக்குக் கழனியை ஒட்டித்தான் வழி. வண்டியில் வந்திருந்த பக்கிரி முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போனார். அவர் அழுதுகொண்டு ஊதியதால் சங்கு சரியாகப் பேசவில்லை. பாடை தூக்கிய வாத்தியார்கள், ஏகநாதன் ஜீப்பிலிருந்து கை காட்டியதும், முகாமில் படித்ததைப் பாடினார்கள்.

நடவுப் பெண்கள் இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்கள். அமுதம் சேற்றுக் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பாடையைப் பார்த்துக் கூவினாள்.

"பெரீப்பா! சோத்துக்கு நேரமாவுது, சீக்கிரம் எழுந்து வந்துடு!"

பெண்கள் சிரித்தார்கள். வேணு அவர்கள் பக்கம் திரும்பி, பழக்கத்தில், தலையை ஆட்டினார். அவர்கள் குனிந்து மறுபடி நட ஆரம்பித்தார்கள். யாரும் கரையேறவில்லை.